குதிரைக்கு வழி தெரியும்

கே: கிர்கிஸ்தான் மலையில் குதிரையேறிப் போய்க் கூடாரத்தில் தங்கலாம் என்று மகன் கூப்பிடுகிறான். குதிரை பக்கத்தில்கூட நான் போனதில்லை. ஐம்பது வயதில் இது தேவையா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

ப: பெற்ற பிள்ளை கூப்பிடும்போது வயதைக் காட்டி மறுக்கலாமா? கிளம்புங்கள்! அந்த மலையில் 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சோங் கோல் ஏரி. கோடையில்தான் மேய்ப்பர்கள் அங்கே குடியேறுவார்கள். குதிரைக்கு வழி தெரியும், வழிகாட்டிக்குக் குதிரையைத் தெரியும். ஏற்றத்தில் முன்னே சாய்வதும் இறக்கத்தில் பின்னே சாய்வதும் மட்டும் உங்கள் வேலை. முதல் நாள் குதிரை நடக்கும். மறுநாள் நீங்கள் நடக்கிற நடையிலேயே தொடை பட்ட பாடு ஊருக்கே தெரிந்துவிடும்!

காலையில் கம்பளிக் கூடாரத்துக்குள் கண் விழித்ததும் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் ஒரு மர வளையம், குறுக்கே வளைந்த குச்சிகள், இடுக்கில் வானம். ‘துந்துக்’ என்பார்கள். அந்த நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பதும் அதுதான். வீட்டுக் கூரையைக் கொடியில் ஏற்றிய மக்கள் விருந்தாளியைச் சும்மா விடுவார்களா? பெண் குதிரையின் பாலைப் புளிக்கவைத்த கிமிஸை நீட்டுவார்கள். லேசான போதை உண்டு, ஒரு மடக்கோடு நிறுத்துங்கள்.

ஜூலையிலும் இரவில் பல் கிட்டும். ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.