கைக்கருவி ரசிகர்

நாற்பது வயதைக் கடந்து, காதோரம் நரையும், வங்கியில் வீட்டுக்கடனும், டாக்டர் விதித்த காலை நடையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற கிருஹஸ்தர் ஒருவர், இனி ஆசைப்படுவதற்கு உலகத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று சோர்ந்திருக்கும் வேளையில், சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி அவர் வாழ்க்கையில் பிரவேசித்துவிட்டால், எஞ்சிய ஆயுள் எந்தத் திசையில் செல்லும் என்பதற்கு எங்கள் பேட்டையில் ஒருவர் பிரத்யட்ச உதாரணமாக விளங்குகிறார். மூன்றரை அங்குலத் திரை, இடப்புறம் சிலுவைப் பொத்தான், வலப்புறம் நான்கு வட்டப் பொத்தான்கள், பெட்டி அவ்வளவுதான். ஆனால் எமுலேட்டர் என்னும் மென்பொருளின் மகிமையால் அது 1983-இல் ஜப்பானில் பிறந்த ஃபேமிகாம் என்னும் விளையாட்டுப் பெட்டியாகவும், 1989-இல் வந்த கேம்பாயாகவும், 1994-இல் வந்த பிளேஸ்டேஷனாகவும் நினைத்த மாத்திரத்தில் வேஷம் மாறவல்லது. அன்பெர்னிக் என்றும் மியூ என்றும் சீனத்துக் கம்பெனிகள் ஓயாமல் புதுப்புது மாதிரிகளை வெளியிட, நம்மவரும் ஓயாமல் வாங்குகிறார். பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர் மனைவி கேட்டால், "இதில் ஸ்பீக்கர் கீழே இருக்கிறது" என்று கூச்சமின்றிப் பதில் சொல்வார்.

புதுப்பெட்டி வந்திறங்கிய தினத்தில் சாமானிய மனிதன் அதை முடுக்கி விளையாடிப் பார்ப்பான். ரசிகர் அப்படிச் செய்யமாட்டார். முதலில் அதைக் காதோரம் பிடித்துக்கொண்டு, சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கும் பாட்டியின் சிரத்தையோடு, சிலுவைப் பொத்தானை மேலும் கீழும் இடமும் வலமும் அமுக்கி, எழும் ஒலியை விசாரிப்பார். பிறகு, பெட்டியோடு வந்த பெயரில்லா மெமரி கார்டை நகநுனியால் நெம்பி எடுத்து, அதிலுள்ளவற்றை நல்ல கார்டு ஒன்றுக்குப் பிரதி எடுப்பார். கூட வந்த கார்டை நம்பலாகாது என்பது இத்தகைய ரசிகர்களின் சம்பிரதாயத்தில் முதல் சூத்திரம். அதன்பின், கம்பெனிக்காரன் இட்ட மென்பொருளைக் களைந்துவிட்டு, ரசிகர்களே இயற்றிய வேறொன்றை ஸ்தாபிக்க வேண்டும். மியூ மினிக்கு ஆனியன், ஒருவகை அன்பெர்னிக்குக்குக் கார்லிக் என்று அவற்றுக்குத் திருநாமம். அமாவாசையன்று சமையலில் வெங்காயம் பூண்டைத் தீண்டாத இந்த மனிதர், அன்றிரவே விடியவிடிய உட்கார்ந்து இரண்டையும் இறக்கிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். கார்டு நிறைய ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் ஆட்டங்களின் உரிமை யாருடையது என்று கேட்டுவைத்தால், அவருக்குத் திடீரென்று ஒரு போன் வந்துவிடும்.

இவ்வளவு ஆன பிறகாவது விளையாடுவாரா என்றால், அங்கேதான் தத்துவ விசாரம் ஆரம்பமாகிறது. ஃபேமிகாமின் சித்திரம் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 புள்ளிகளும் கொண்டது. கையிலிருக்கும் திரையோ 640-க்கு 480. ஒவ்வொரு புள்ளியையும் சரியாக இரட்டித்தால் 512-க்கு 480 ஆகி, சித்திரம் கத்தரித்தாற்போல் சுத்தமாக அமைந்து, இருமருங்கிலும் கறுப்புப் பட்டை விழுகிறது. ஏறத்தாழ அந்தக் காலத்து டிவிப் பெட்டி செய்தபடி திரை முழுவதும் இழுத்துவிட்டாலோ, பட்டை மறைகிறது. ஆட்டத்தின் நாயகர் மாரியோ கால் பங்கு பருத்துவிடுகிறார். ஆகவே மாரியோ ஒல்லியானவரா, பூசினாற்போன்றவரா என்ற மகத்தான பிரச்சினை எழுகிறது. இரட்டிப்புக் கட்சியார் புள்ளியின் புனிதத்தைச் சொல்வார்கள். டிவிக் கட்சியார், மாரியோவைப் படைத்தவர்களே அவரை டிவியில்தானே பார்த்தார்கள் என்று மடக்குவார்கள். வடகலையும் தென்கலையும் இதைவிடச் சமாதானமாக வாழ்ந்திருக்கின்றன. நம்மவர் திங்கட்கிழமை ஒரு கட்சி, வியாழக்கிழமை மறு கட்சி. அதோடு நில்லாமல், காசு கொடுத்து வாங்கிய தெளிவான திரையின்மேல், பழைய டிவியின் கிடைக்கோடுகளை வரைந்துகாட்டும் ஷேடர் ஒன்றையும் பூசி, "இப்போதுதான் அசலாக இருக்கிறது!" என்பார்.

அசல்! இந்தப் பதத்தை அவர் உச்சரிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்குவது பிரயாசையாகிவிடுகிறது. ஏனெனில், தொண்ணூறுகளில் அவர் பாலப் பிராயத்தில் விளையாடியது ஃபேமிகாமே அல்ல. அவர் தகப்பனார் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிவந்த பெட்டி அதன் நகல். அதில் செருகிய மஞ்சள் கேசட்டும் நகல். அந்தக் கேசட்டின் மேலே 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்களே; அவைதான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. அத்தகைய நகல் பெட்டிகள் பலவற்றின் சில்லுகளில் ஓசை சற்றே பிறழ்ந்திருக்கும். ஆகையால், இன்றைய எமுலேட்டர் ஜப்பானிய மூலத்துக்குப் பிசகாத சங்கீதத்தை எழுப்பும்போது, இது தான் கேட்டதல்லவே என்று அவர் உள்ளம் வருந்துகிறது. வருந்தி, அந்தப் பிசகான ஓசையைத் துல்லியமாகப் பிரதிசெய்யும் ஏற்பாடு எங்கேனும் உண்டா என்று மெனுவுக்குள் மெனுவாக இறங்கித் தேடுகிறது. நகலுக்கு அசல் தேடும் இந்தத் தபஸை நான் பரிகசிக்கிறேனே ஒழிய, பகலெல்லாம் கணக்குப் புஸ்தகத்தில் தலையை நுழைத்திருந்த மனிதர், அந்தச் சிறு வெளிச்சத்தில் முகம் மலர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கையில் சற்றே பொறாமையும் படுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நீண்ட உபதேசத்துக்குப் பிறகு, பெட்டியை என் கையில் கொடுத்து, "விளையாடிப் பாருங்கள்" என்றார். பொத்தானை அமுக்கிய கணத்துக்கும் மாரியோ துள்ளும் கணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைக்க அந்த வாரம் முழுவதும் பாடுபட்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. நான் ஒரு காளானை நசுக்கி, நான்கு குழாய்களைத் தாண்டி, முதல் பள்ளத்தில் நேரே விழுந்தேன். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவரோ கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பரவசத்துடன் திரையை உற்றுப் பார்த்தார்.

"பார்த்தீர்களா ஸார், ஒரு பிரேம்கூடப் பிந்தவில்லை! தாமதம் முழுக்க உங்களிடம்தான்."