கீழ்வீட்டு ஸ்கோர்

கொல்கத்தாவில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மீட்டர் தனியா என்பதையெல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஃபுட்பாலில் மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்று முதலில் கேட்டுவிடுங்கள். "அவர் அது, நான் இது" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தால், அட்வான்ஸ் போனாலும் போகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. வங்கியில் மாற்றல் வந்தபோது, "லேக் மார்க்கெட் பக்கம் பார், காபிப்பொடியும் வாழையிலையும் கிடைக்கும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிடைத்தது. மாடியில் நான், கீழே மேஷோமஷாயும் மாஷிமாவும். வங்காளத்தில் வீட்டுக்காரரைக்கூட சித்தப்பா, சித்தி முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அதனால் வாடகை ஒன்றும் குறைவதில்லை.

மேஷோமஷாய் பூர்வீகமாக இந்தப் பக்கத்து ஆள். அவர்களுக்கு 'கோட்டி' என்று பெயர். மாஷிமாவின் அப்பா பிரிவினையின்போது கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அவர்கள் 'பாங்கால்'. கோட்டி என்றால் பச்சையும் அரக்கும் போட்ட மோகன் பகான். பாங்கால் என்றால் சிவப்பும் மஞ்சளும் போட்ட ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் ஜெயித்தால் வீட்டில் சிங்ரி என்கிற இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். இருவருக்கும் நடந்தது பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம்தான். கோத்திரம் பார்த்தவர்கள் கிளப்பை எப்படிக் கோட்டை விட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குடிவந்த அன்றே மேஷோமஷாய் என்னிடம் கேட்டார், "சிங்ரியா, இலிஷா?"

"நான் சைவம். கத்தரிக்காய்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எந்த டிவிஷன்ல ஆடுது?" என்றார்.

ஆட்டம் நடக்கும் நாட்களில் நான் டிவி போடுவதை நிறுத்திவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் மாடிப்படியில் ஏறிவரும் வாசனையே போதும். தேங்காய்ப்பாலில் இறால் கொதிக்கும் வாசனை வந்தால் மேஷோமஷாய் கட்சி. கடுகு விழுது நெடியில் கண் கரித்தால் மாஷிமா கட்சி. வெறும் சாதம் வடிக்கிற வாசனை மட்டும் வந்தால் டிரா. மீன் சாப்பிடாதவன் மூக்கை நம்பி ஸ்கோர் சொல்கிறான் என்பதில் அவர்களுக்குப் பெருமை.

இவர்கள் சண்டை போடும் முறை புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் பிடிபடாது. காலையில் லூச்சி சாப்பிட்டுக்கொண்டே அவர் "1911" என்பார். அவள் "1975" என்பாள். "2009." "2003." விளக்கம் கிடையாது, வருஷம் மட்டும்தான். சார்பதிவாளர் ஆபீசில் பாகப்பிரிவினைப் பத்திரம் படிப்பதுபோல இருக்கும்.

1911-ஐ எனக்குத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். ஈஸ்ட் யார்க்‌ஷர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்கார ராணுவ டீமை மோகன் பகான் 2-1 என்று கவிழ்த்தது. நம் பதினோரு பேரில் பத்துப் பேருக்கு வெறுங்கால். முதலில் கோல் வாங்கி, பிறகு கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று. இதைச் சொல்லும்போது மேஷோமஷாய் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை, அவர் அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரண்டாவது கோலுக்கு முன்னால் பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"அந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேரு எங்க பக்கத்துக்காரங்கன்னு அவரையே கேளுப்பா" என்பாள் மாஷிமா அடுப்படியிலிருந்து. பாதுரி உட்படப் பலர் கிழக்கு வங்கத்துக்காரர்கள் என்பது உண்மைதான். "எங்க கிளப் பிறந்ததே 1920-ல. அதுவரைக்கும் உங்களுக்கு ஆளுங்களை இரவல் குடுத்திருந்தோம்."

1975-க்கு விளக்கம் தேவையில்லை. அதே ஷீல்டு, அதே இறுதி ஆட்டம், ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. அன்று ராத்திரி தோற்ற ஆட்டக்காரர்களில் சிலர் ரசிகர்களுக்குப் பயந்து கங்கையில் படகிலேயே படுத்துக்கிடந்தார்கள் என்று கொல்கத்தாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாஷிமா இதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. மேஷோமஷாய் தட்டில் லூச்சி வைக்கும்போது எண்ணி ஐந்து வைப்பாள். அவர் நான்கைச் சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். அந்த ஐந்தாவது லூச்சி பல நாள் மாடிக்கு வந்திருக்கிறது. நான் அரசியல் பார்க்காமல் சாப்பிட்டுவிடுவேன்.

2009-ல் கணக்குத் தீர்ந்துவிட்டது என்பது மேஷோமஷாயின் கட்சி. அக்டோபர் மாதம் ஐ-லீக் ஆட்டத்தில் மோகன் பகான் 5-3 என்று ஜெயித்தது. நைஜீரியாக்காரர் சிடி மட்டும் நான்கு கோல் அடித்தார்.

"அஞ்சு குடுத்தீங்க, சரி. கையோட மூணு வாங்கிட்டுப் போனீங்களே? மூணு இன்னும் பாக்கி" என்றாள் மாஷிமா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பேங்க்காரன்தானே? 34 வருஷத்துக்கு வட்டியும் போட்டுச் சொல்லு" என்றாள். தனி வட்டியா கூட்டு வட்டியா என்று கேட்டுவிட்டு நான் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

கோப்பைச் சண்டையாவது செத்தவர்களைப் பற்றியது, யாருக்கும் நஷ்டமில்லை. பயிற்சியாளர் பேச்சு வந்தால்தான் வீடு ரெண்டுபடும். 1975-ல் அந்த ஐந்து கோலுக்கும் பின்னாலிருந்தவர் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. ஆடப்போகும் முன் அறைக்குள் அவர் கொடுக்கும் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர். மாஷிமா வீட்டில் சாமிக்குப் பக்கத்தில் படம் வைக்காத குறை. அடுத்த வருஷமே அவரை மோகன் பகான் அழைத்துக்கொண்டுபோய்விட்டது. 1976-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான லீக் ஆட்டம் தொடங்கிப் பதினேழாவது விநாடியில் முகமது அக்பர் கோல். 1977-ல் பெலே வந்த நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டன்ஸில் 2-2 டிரா. எல்லாம் அதே டானிக், பாட்டில்தான் வேறு. "அறிவு எங்க இருந்தா என்ன, மதிச்சுக் கூப்பிட்டோம்" என்பார் மேஷோமஷாய். "எங்க சமையல்காரனைத் திருடிக்கிட்டுப் போய் ஹோட்டல் வெச்சீங்க" என்பாள் அவள்.

1997-ல் பி.கே. மறுபடி ஈஸ்ட் பெங்கால் பக்கம். மோகன் பகானில் அமல் தத்தா, 'டயமண்ட்' என்ற தாக்குதல் வியூகத்தோடு எல்லோரையும் துவம்சம் செய்துகொண்டிருந்தார். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்னால் வாய் சும்மா இருக்காமல் எதிரணியின் ஒமோலோவை 'ஆம்லெட்' என்றும், சோஸோவை 'வெள்ளரிக்காய்' என்றும் கிண்டலடித்தார். ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியம், 1,31,000 பேருக்கு மேல் கூட்டம். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1. இன்றைக்கும் வருஷா வருஷம் ஜூலை 13 அன்று கீழ்வீட்டில் காலை ஆகாரம் ஆம்லெட்டும் வெள்ளரிக்காயும்தான்.

பி.கே. இரண்டு பக்கமும் வேலை பார்த்தார். அமல் தத்தாவும் அப்படியே. பூட்டியா இரண்டு சட்டையும் போட்டார். கட்சி மாறாதவர் ரசிகர் ஒருவர்தான், சம்பளம் இல்லாதவரும் அவர்தான்.

நான் போயிருந்த காலத்தில் பயிற்சியாளர்கள் ஸ்பெயினிலிருந்து வர ஆரம்பித்திருந்தார்கள். கிபு விகுனா 2020 மார்ச்சில், நாலு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே, மோகன் பகானுக்கு ஐ-லீக்கை வாங்கித் தந்தார். பரிசாக வேலை போனது. கிளப் ஏ.டி.கே. என்ற இன்னொரு கிளப்போடு இணைந்துவிட்டது, அங்கே ஏற்கெனவே ஹபாஸ் பயிற்சியாளராக இருந்தார். அதைவிடப் பெரிய துக்கம், டீமின் பெயரே 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. மேஷோமஷாய் அந்த மூன்றெழுத்தை வாயால் சொல்லவே இல்லை. பேப்பர் படிக்கும்போது அந்த இடம் வந்தால் இருமிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போவார். 2023-ல் மூன்றெழுத்தை எடுத்துவிட்டு 'சூப்பர் ஜெயன்ட்' என்று வால் சேர்த்தார்கள். இருமல் நின்றது.

"ஏ.டி.கே. வாங்கின 2014, 2016, 2020 கோப்பைங்க உங்க கணக்குல உண்டா, இல்லையா? ஒரு பதில் சொல்லுங்க" என்று மாஷிமா கேட்காத வாரமில்லை. உண்டு என்றால் மூன்றெழுத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் மூன்று கோப்பை போய்விடும். மேஷோமஷாய்க்கு அப்போதெல்லாம் அவசரமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஈஸ்ட் பெங்கால் கதை அதைவிட விசேஷம். 2020-லிருந்து நாலு வருஷத்துக்குள் ராபி ஃபவுலர், மனோலோ டியாஸ், மரியோ ரிவேரா, ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன், கார்லஸ் குவாத்ராத், ஆஸ்கர் புருசோன் என்று ஆறு பயிற்சியாளர்கள். ஐ.எஸ்.எல். பட்டியலில் முதல் ஐந்து வருஷத்து இடங்கள்: ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. பயிற்சியாளர் மாறுவார், ஒன்பது மாறாது. "மாடியில இருக்கிற பையன் தேவலை. இத்தனை வருஷமா ஒரே ஆளு" என்று மேஷோமஷாய் என்னைக் காட்டிச் சொல்வார்.

புதுப் பயிற்சியாளர் வந்தால் மாஷிமாவுக்கு மூன்று பருவம் உண்டு. முதல் மாதம், "இவர் முகத்தைப் பாரு, படிச்சவர் மாதிரி இருக்கார்." இரண்டாவது மாதம், "நல்ல ஆளுங்களை வாங்கிக் குடுக்காம அவர் என்ன பண்ணுவார்?" மூன்றாவது மாதம், "இவனுக்கு ஃபுட்பாலே தெரியாது, எங்க பாட்டி பெட்டர்." குவாத்ராத் மட்டும் இந்த ஒழுங்கைக் கலைத்தார். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கிளப்புக்கு வந்த தேசிய அளவிலான கோப்பை. கடுகு நெடி மாடியில் இரண்டு நாள் தங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் லீகின் முதல் மூன்று ஆட்டமும் தோற்று அவரும் கிளம்பினார். எதிர்க்கட்சியை மட்டும் என்ன சொல்வது? மோகன் பகானின் ஃபெராண்டோவுக்கு 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை, செப்டம்பரில் டுராண்ட் கோப்பை, ஜனவரியில் பெட்டி படுக்கை. ஹபாஸ் திரும்பி வந்து லீக் ஷீல்டை வாங்கித் தந்தார், அடுத்த சீசனுக்கு அவரும் இல்லை. கோப்பை வாங்கினாலும் போக வேண்டும், வாங்காவிட்டாலும் போக வேண்டும் என்றால் மனிதன் எதற்குப் பயிற்சி கொடுப்பான் என்று ஒருநாள் கேட்டேன். அந்தக் கேள்விக்கு இருவருமே "உனக்கு ஃபுட்பால் புரியாது" என்றார்கள்.

நடுநிலையாக இருந்த என்னை இதற்குள் இழுத்துவிட்டது சென்னைப் பையன் ஒருவன். 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை டெர்பி. நாலரை வருஷமாக மோகன் பகானை ஜெயிக்காத ஈஸ்ட் பெங்காலுக்கு நந்தகுமார் சேகர் ஒரு கோல் அடித்தார். அது ஒன்றுதான் ஆட்டத்தின் கோல். பத்து நிமிஷத்தில் மாஷிமா மூச்சிரைக்க மாடியேறி வந்து ஒரு டப்பா சந்தேஷை என் கையில் திணித்து, "உங்க பையன்! உங்க பையன்!" என்று கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நான் என்னவோ அவனைப் பெற்று வளர்த்து சால்ட் லேக்குக்கு அனுப்பியவன்போல மெதுவாகத் தலையசைத்தேன். மறுநாளிலிருந்து மேஷோமஷாய் என்னிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம்கூட மாறியது. செப்டம்பர் 3-ம் தேதி டுராண்ட் இறுதி ஆட்டத்தில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு மோகன் பகான் 1-0 என்று அதே ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்த பிறகுதான் தண்ணீர் சீராக வந்தது.

சமாதானம் செய்து வைக்கலாம் என்று நான்தான் ஒருநாள் பீட்டர் தங்கராஜ் பேச்சை எடுத்தேன். 1956, 1960 ஒலிம்பிக்குக்குப் போன இந்திய கோல்கீப்பர், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். மோகன் பகானுக்கும் ஆடினார், ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். பொதுச்சொத்து என்று நினைத்தேன். மேஷோமஷாய் எதிர் டீக்கடையில் மண்குவளையோடு நின்றுகொண்டிருந்தார். மாஷிமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே.

"எங்ககிட்டதான் முதல்ல வந்தார். 1963" என்றார் அவர்.

"ரெண்டே வருஷம். 1965-லேர்ந்து ஆறு வருஷம் எங்ககிட்ட. அர்ஜுனா விருது வாங்கினது எங்க சட்டையில" என்றாள் அவள்.

"நாங்க வார்த்தெடுத்ததை நீங்க வாங்கிட்டுப் போனீங்க."

"உங்களால வெச்சுக் காப்பாத்த முடியல."

டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். கடையில் கறுப்பு-வெள்ளைக் கொடி ஒன்று எப்போதும் தொங்கும், நான் துடைக்கிற துணி என்று நினைத்திருந்தேன். மனிதர் மொகமடன் ஸ்போர்ட்டிங். "தாதா, கல்கத்தாவுக்கு அவர் ஆட வந்தது எங்க கிளப்புக்கு, 1960-ல. கடைசியா 1971-ல திரும்பி வந்ததும் எங்க கிளப்புக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். "கல்கத்தா லீகை முதல்ல ஜெயிச்ச இந்திய கிளப் எது? 1934-ல நாங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம். அப்ப உங்க ரெண்டு பேர் கையிலயும் அந்த லீக் ஒண்ணுகூட இல்ல."

மேஷோமஷாய் மாஷிமாவைப் பார்த்தார். மாஷிமா மேஷோமஷாயைப் பார்த்தாள்.

"அதெல்லாம் பழைய கதை" என்றார்கள், இருவரும் ஒரே குரலில்.