விசா அதிகாரிக்கு லாச்சப்பலிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஊர்ப் பிள்ளைகளுக்கு முகவரி கொடுக்கும் ஒரு சித்தப்பா, லாச்சப்பல், பாரிஸ்.
பெறுநர்: உயர்திரு மாணவர் விசா அதிகாரி அவர்கள், பிரெஞ்சுக் குடியரசு.
பொருள்: வா என்று கூப்பிட்டவர்களே வாசலில் நிறுத்திவைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2024 ஜனவரியில் குடியரசு தின விருந்தினராக டெல்லிக்கு வந்த உங்கள் ஜனாதிபதி மக்ரோன், 2030க்குள் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்சில் படிக்க வேண்டும் என்றார். காரைக்காலில் இருக்கும் என் அண்ணன் மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். விண்ணப்பித்தாள். பல்கலைக்கழகமும் முதுகலைக்கு இடம் கொடுத்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

முதலில், வெளிநாட்டு மாணவர்களுக்கான உங்கள் அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் நேர்காணல். ஏன் பிரான்ஸ், ஏன் இந்தப் படிப்பு, முடித்துவிட்டு என்ன செய்வாய்? பேராசிரியர்கள் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட பெண்ணுக்குப் படிக்கும் எண்ணம் உண்டா என்று நீங்கள் ஒருமுறை சரிபார்ப்பதில் தவறில்லை. பேராசிரியர்கள் ஏமாளிகள் அல்லவா!

அடுத்தது பணம். மாதம் 615 யூரோ வீதம் ஓராண்டுக்கு 7,380 யூரோ காட்ட வேண்டும். அண்ணன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் காட்டிவிட்டார். அந்த 615 யூரோவில் பாரிஸில் ஒரு மாதம் வாழ்வது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினால் நானும் வந்து உட்காருவேன். ஒன்பது சதுர மீட்டருக்குக் குறைந்த அறையை வாடகைக்கு விடக்கூடாது என்பது உங்கள் விதி. அந்த ஒன்பது சதுர மீட்டரே பணத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதையும் சும்மா தருவார்களா? வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம் வாங்கும் ஆள் ஜாமீன் நிற்க வேண்டும்.

அறை கிடைக்காததால் தங்க இடம் தருவதாக நானே எழுதிக் கொடுத்தேன். 'என் மானத்தின் மேல் ஆணையாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபோபூர் சென் தெனித் தெருவில், முருங்கைக்காய் விற்கும் கடைக்குப் பக்கத்தில் போட்டோகாப்பி எடுக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி கடிதத்தைப் படிக்கவே இல்லை. "அண்ணை, கரண்ட் பில் மூண்டு மாசத்துக்கு உள்ளதோ?" என்று மட்டும் கேட்டான். உங்களை அவன் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான். என் மானத்துக்கு மின்சாரக் கம்பெனி சாட்சி சொன்னால்தான் செல்லுபடி.

2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதுகலைக் கட்டணத்தை 243 யூரோவிலிருந்து 3,770க்கு உயர்த்தினீர்கள். திட்டத்தின் பெயர் 'பிரான்சுக்கு நல்வரவு'. பல பல்கலைக்கழகங்கள் இந்த நல்வரவைக் கூற மனம் வராமல் விலக்கு அளித்தன. பகடி எழுதிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் இப்படி அரசாங்கமே அடித்தால் அவர்கள் எங்கே போவது?

எல்லாம் கொடுத்த பிறகும் விசா மறுக்கப்பட்டால், 30 நாளுக்குள் நாந்த் நகரத்து ஆணையத்திடம் முறையிடலாம். அவர்கள் இரண்டு மாதம் வாய் திறக்காவிட்டால் மனு தள்ளுபடி என்று அர்த்தம். ஊரில் பாதிப் பேர் ஆகஸ்டில் விடுமுறைக்குப் போய்விடும் நாட்டில், இதைவிடச் சிக்கனமான நிர்வாக முறை இருக்க முடியாது. அதற்குள் செப்டம்பர் வகுப்பு தொடங்கி, முதல் தேர்வும் நெருங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ரூ பஜோல் மாணிக்க விநாயகர் தேர் வரும்போது தெருவில் மலையாகக் குவித்து உடைக்கும் தேங்காய்களில் உங்கள் விசாவுக்காக வேண்டிக்கொண்டவையும் உண்டு. பிள்ளையாராவது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து முகம் காட்டுகிறார்.

ஆகவே, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிவைச் சொல்லுமாறும், மறுப்பதானால் கட்டத்தில் ஒரு டிக் போட்டு நிறுத்தாமல் காரணத்தை நாலு வரி எழுதுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலே சொல்லாமல் இருப்பதானால், எங்கள் ஊர் வழக்கப்படி மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு விமான டிக்கெட் போட அனுமதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சித்தப்பா