ஓய்வூதியர் ஒழுக்கவியல்: ஐந்தருவிக் குறிப்புகள்

சாரல் மாதங்களில் குற்றாலம் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்து வரிசையில் நிற்பவர்களுள் ஒரு சாரார் மற்றவர்களைவிடச் சட்டப்படி நல்லவர்கள். அவர்கள் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள். எதிர்கால நன்னடத்தை என்பது ஒவ்வொரு பென்ஷனுக்கும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்கின்றன 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் அரசு பென்ஷனை முழுதாகவோ பகுதியாகவோ, சில காலத்துக்கோ சாகும்வரைக்குமோ நிறுத்தலாம். ஆக, குற்றம் செய்யாதிருக்க மாதந்தோறும் பணம் பெறுபவர்கள் இவர்கள். நாமெல்லாம் இலவசமாக நல்லவர்களாக இருந்து வருகிறோம்.

பென்ஷன் அரசின் தயவு அல்ல, ஊழியரின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. விதி இல்லாமல் அதில் கைவைக்க முடியாது என்று 2013-ல் ஜார்க்கண்ட் வழக்கிலும் சொன்னது. விதிதான் இருக்கிறதே! சிறைக்குப் போனவரின் தென்னந்தோப்பு பொதுவாக அவர் பெயரிலேயே நிற்கும். தோப்பு நன்னடத்தை கேட்பதில்லை.

கடுங்குற்றம் எது? மத்திய அரசின் 1972 ஓய்வூதிய விதிகள் முழு இலக்கணம் வகுக்காமல், 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியங்கள் சட்டக் குற்றமும் அதில் அடங்கும் என்று மட்டும் விளக்கின. கொலை எல்லோருக்கும் தெரிந்தது என்று விட்டிருக்கலாம். வெள்ளக் காலத்தில் போலீஸ் தடையை மீறிக் குளிப்பது பற்றிப் பேச்சில்லை. பென்ஷனை நிறுத்த இன்னொரு காரணமான கடும் ஒழுங்கீனத்தில் ரகசியக் குறியீட்டை வெளியிடுவதும் சேரும். வெளியிட்டே தீர வேண்டியவருக்கு ஐந்தருவி உகந்த இடம்: இரைச்சலில் காது கேட்காது, பக்கத்தில் நிற்பவர் பல் கிட்டிப் போயிருப்பார்.

குடும்ப ஓய்வூதியம் தனி இயல். கணவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட மனைவிக்கும் அது உண்டு என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பொன்முட்டையிடும் கோழியை யாரும் அறுப்பதில்லை என்ற கருத்தையும் சேர்த்துக்கொண்டது. கோழி தரப்பு வாதம் கிடைக்கவில்லை. மத்திய விதிகளோ அப்படித் தண்டிக்கப்பட்டவரை விலக்கிவிட்டுத் தகுதியுள்ள அடுத்தவருக்குக் கொடுக்கின்றன.

ஆண்டுதோறும் கருவூல நேர்காணலில் சோதிக்கப்படுவது பென்ஷன்தாரர் உயிரோடிருக்கிறாரா என்பதே. நல்லவராக இருக்கிறாரா என்பதைக் கைரேகைக் கருவி காட்டாது.

2003 ஏப்ரல் 1 முதல் மாநிலப் பணியில் சேர்ந்தவர்களை 1978 விதிகளுக்கு வெளியே, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைத்தார்கள். அவர்களுடைய எதிர்கால நன்னடத்தைக்கு அரசு அன்று எந்த விலையும் பேசவில்லை.