சிறப்புச் சொற்பொழிவும் துயிலும்: கட்டடக்கலைத் துறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பல்கலைக்கழகத்தில் தூங்காத துறை கிடையாது. வேதியியல் மாணவரும் தூங்குகிறார், சட்டம் படிப்பவரும் தூங்குகிறார். ஆனால் மாணவரை நாலு இரவு கண் மூட விடாமல் வேலை வாங்கி, ஐந்தாம் நாள் பிற்பகல் ஏசி அறையில் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கையும் அணைத்து, எதிரே ஒருவரை மெல்லிய குரலில் பேசவும் விடுகிற துறை ஒன்றே ஒன்றுதான். அது கட்டடக்கலைத் துறை. இந்த ஏற்பாட்டைச் சுற்றறிக்கை 'சிறப்புச் சொற்பொழிவு, அனைவரும் வருக' என்று குறிப்பிடும். இது தற்செயலாக நேர்ந்ததன்று, கட்டடக்கலைக் கல்வி தான் பறித்த தூக்கத்தைத் தானே தவணை முறையில் திருப்பித் தரும் வழி என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முன்னோர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடை. இந்த எட்டில் ஒன்றுகூட வகுப்பில் தூங்கவில்லை. எருமையின் மேல் சிலருக்குச் சந்தேகம் வரலாம். அதன் குற்றம் குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிப்பது மட்டுமே. ஆனால் பாடம் சொல்லத் தகாதவர் யார் யார் என்று அதே பாயிரம் அடுக்கும்போது கள்ளுண்டு களிப்பவன், திருடன், கோபக்காரன் ஆகியோரோடு துயில்வோனும் அகப்பட்டுக்கொள்கிறான். இந்த விதியை அப்படியே நடைமுறைப்படுத்தினால் இறுதியாண்டுக் கட்டடக்கலை வகுப்பில் பேராசிரியரும் கரும்பலகையும்தான் மிஞ்சும். அறிஞர்கள் இதுவரை கவனிக்காத நுட்பம் ஒன்று இங்கே உண்டு. அதே பட்டியலில் சோம்பேறிக்குத் தனி இடம் இருக்கிறது. சோம்பேறி வேறு, தூங்குபவன் வேறு என்பது பவணந்தியாருக்குத் தெரிந்திருக்கிறது. விடுதிக் காப்பாளர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

தூக்கம் எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. வரைபடங்களை ஒப்படைக்கும் கடைசி நாளுக்கு முந்திய இரவை நம் மாணவர்கள் 'நைட் அவுட்' என்கிறார்கள். வெளியே எங்கும் போவதில்லை, ஸ்டூடியோவிலேயேதான் கிடக்கிறார்கள். இதன் மரபு பாரிஸ் நகரத்து எகோல் தே போஸார் கலைப்பள்ளி வரை போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போட்டிக்கான வரைபடங்களை ஏற்றிச் செல்லத் தள்ளுவண்டி வரும், வண்டி வந்த பிறகும் மாணவர்கள் கூடவே ஓடிக் கோடு போடுவார்கள் என்பது எல்லாக் கட்டடக்கலைத் துறையிலும் சொல்லப்படும் கதை. எமில் ஜோலா 1886-ல் வெளியிட்ட 'லெவ்ர்' (L'Œuvre) நாவலில் அப்படியொரு கண்விழித்த பட்டறை வருகிறது. வண்டி போய் பென் டிரைவ் வந்த பின்னும் ஓட்டம் நிற்கவில்லை. அமெரிக்கக் கட்டடக்கலை மாணவர் சங்கம் 2002-ல் ஸ்டூடியோப் பண்பாட்டைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, இப்படி விடிய விடிய விழிப்பதைப் பெருமையாக எண்ணும் வழக்கத்தைக் கண்டித்தது. அதன்பின் அந்நாட்டில் அங்கீகாரம் பெற வேண்டிய பள்ளிகள் இதுகுறித்து எழுத்து வடிவில் கொள்கை வகுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கொள்கையை எழுதி முடிக்க எத்தனை பேர் விடிய விடிய விழித்தார்களோ.

சென்னையில் பல்கலைக்கழகத் துறையாகக் கட்டடக்கலைப் படிப்பு 1957-ல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊர்த் துறைக்குப் போனாலும் சொற்பொழிவு நடக்கும் நிலத்தைத் தொல்காப்பிய முறையில் வகுத்துவிடலாம். முதற்பொருளில் நிலம் செமினார் ஹால், பொழுது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய மூன்று மணி. கருப்பொருளில் தெய்வம் கட்டடக்கலைஞர் லே கொர்பூசியே, சில கல்லூரிகளில் லாரி பேக்கர். உணவு சமோசா. மரம் பால்சா. புள் ஜன்னல் மேல் கூடு கட்டியிருக்கும் புறா. பறை மைக் போடும் 'கீ' சத்தம். யாழ் ஏசியின் முனகல். உரிப்பொருள் என்னவென்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. பாலைக்குத் தனி நிலம் இல்லாததுபோல, மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிக்கும் தனி நிலம் இல்லை, எந்த அறையும் திரிந்து அதுவாகிவிடும் என்பதை இங்கே குறித்துவைக்கலாம். அது வேறோர் ஆய்வு.

இனி இருட்டு. மற்றத் துறைப் பேச்சாளர்கள் வெளிச்சத்தில் பேசுகிறார்கள். கட்டடக்கலைஞர் படம் காட்டாமல் பேச மாட்டார். படத்துக்கு இருள் வேண்டும். இதன் வேர் கலை வரலாற்று வகுப்பில் இருக்கிறது. 1901 முதல் 1912 வரை பெர்லினில் பேராசிரியராக இருந்த ஹைன்ரிஷ் வொல்ஃப்லின் இரண்டு படங்களை அருகருகே திரையில் போட்டு ஒப்பிட்டுப் பேசுவதில் பேர்போனவர். இரண்டு படம் என்றால் கண்ணுக்கு இரட்டை வேலை, இமைக்கு இரட்டைச் சுமை.

பிறகு 1961-ல் கோடக் நிறுவனத்தின் கரௌசல் புரொஜெக்டர் சந்தைக்கு வந்தது. வட்டத் தட்டில் வழக்கமாக 80 படங்கள். ஒவ்வொரு படம் மாறும்போதும் 'கிளக்-சடக்' என்று ஒரு சத்தம் போடும். இந்தச் சத்தத்தின் கல்விப் பயனை யாரும் உரிய முறையில் போற்றவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது பின்வரிசை வரைக்கும் போய் ஒவ்வொருவரையும் மெல்ல உலுக்கியது. மாணவர் தூங்கினாலும் கட்டடத்துக்குக் கட்டடம் விழித்துக்கொண்டார், வாழ்நாள் முழுக்க எண்பது கட்டடங்களின் முதல் நொடி மட்டும் நினைவில் தங்கியது. 80 முடிந்தால் தட்டு தீரும், தட்டு தீர்ந்தால் பேச்சும் ஓயும். 2004-ல் கோடக் ஸ்லைடு புரொஜெக்டர் உற்பத்தியை நிறுத்தியது. பவர்பாயின்ட் சத்தம் போடாது. அதற்குத் தட்டும் கிடையாது. இருநூற்று நாற்பது படம் கொண்டுவருகிறவரைத் தடுக்க எந்த இயந்திரமும் இல்லை. கட்டடக்கலைத் துயிலின் வரலாற்றை எழுதுவோர் 2004-ஐ யுகப் பிரிவாகக் கொள்ளலாம்.

கட்டடங்களே இதற்கு எதிராகப் போராடிப் பார்த்ததும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்துக்கு பால் ருடால்ஃப் வடிவமைத்து 1963-ல் திறக்கப்பட்ட கட்டடக்கலைப் பள்ளிக் கட்டடத்தில் தரைக்கம்பளம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். மாணவர்கள் நடத்தும் இதழுக்குக்கூட அந்த நிறத்தால் 'பாப்ரிகா' என்று பெயர். ஆனால் சொற்பொழிவு அரங்கத்தைக் கட்டடத்தின் அடித்தளத்தில் வைத்துவிட்டார்கள். விளக்கை அணைத்தால் ஆரஞ்சும் கறுப்பும் ஒன்று. ஹார்வர்டில் ஜான் ஆண்ட்ரூஸ் 1972-ல் கட்டிய கண்ட் ஹாலில் ஸ்டூடியோக்கள் ஒரே சாய்ந்த கூரையின் கீழ் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேல்படியில் இருப்பவருக்குக் கீழ்படி மேசையில் தலை சாய்ந்தது யார் என்று தெரியும். அகமதாபாத்தில் பி.வி. தோஷி 1962-ல் தொடங்கிய பள்ளியில் வடக்கு வெளிச்சம் தாராளம், கதவுகள் குறைவு. தோஷிக்கு 2018-ல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. ஒளிந்து தூங்க இடம் வைக்காததற்காக என்று தேர்வுக் குழு சொல்லவில்லை.

பேச்சாளர் தரப்பையும் பார்ப்பது நியாயம். குவிமாட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரைக் கட்டடக்கலை மாணவர் உலகம் முழுவதும் அழைத்தது. 1969-ல் டெல்லியில் நேரு நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவரும் அவரே. 1975 ஜனவரியில் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன் என்று உட்கார்ந்தார், பதிவு 42 மணி நேரம் வந்தது. இத்தனைக்கும் அவருக்குத் தூக்கத்தின் மீதே மரியாதை கிடையாது. ஆறு மணிக்கொரு தரம் அரை மணி, ஆக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் போதும் என்று சொல்லிச் சில காலம் அப்படியே வாழ்ந்தார். 1943-ல் டைம் இதழ் இதை எழுதியது. கூட வேலை செய்தவர்கள் மற்ற மனிதர்களைப்போல் தூங்க விரும்பியதால் அந்த முறையை அவர் கைவிட்டாராம். இவரும் மாணவர்களும் சேர்ந்து 1948 கோடையில் வட கரோலினாவின் பிளாக் மவுன்டன் கல்லூரியில் ஜன்னல் மறைப்புப் பட்டைகளைக் கொண்டு ஒரு குவிமாடம் எழுப்ப முயன்றார்கள். எத்தனை முடுக்கியும் அது எழவில்லை. அதற்குப் படுத்த குவிமாடம் என்று பொருள்படும் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த கோடையில் வேறொன்று எழுந்து நின்றது, மாணவர்கள் அதில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு முறை படுத்தது மறுமுறை எழும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இவ்வாய்வுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது மூன்றாவது வரிசைக்கு வருவோம். காலை பத்து மணிக்கு சப்மிஷன் முடித்த மாணவி ஒருத்தி அங்கே இருக்கிறாள். வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் ஃபெவி குயிக் காய்ந்து வெள்ளைத் தோலாக உரிகிறது, இடது கட்டைவிரலில் கட்டர் கிழித்த இடத்தில் பிளாஸ்திரி. தலைமுடியில் சன்போர்டு தூள். மடியில் நோட்டு. பேச்சாளரின் பெயரும் தேதியும் மணியான எழுத்தில் இருக்கின்றன. இரண்டாம் வரி சாய்கிறது. மூன்றாம் வரியில் 'வெளி என்பது' வரை எழுத்து, அதன்பின் ஒரே கோடு. கோடு மெல்லக் கீழிறங்கித் தாளின் ஓரத்தைத் தாண்டிச் சுடிதார் மேல் முடிகிறது. செக்ஷன் வரையத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தால் படிக்கட்டு என்பார்கள். ஒருங்கிணைப்பாளர் திரும்பி முறைக்கிறார். இருட்டில் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது. இந்த மாணவி நாலு நாள் வனவாச இலக்குவன், அரை மணி நேரம் கும்பகர்ணன். கைதட்டல் கேட்டதும் அவள் கையும் தட்டியது. கண் இன்னும் திறக்கவில்லை.

கேள்வி நேரத்தில் மைக் அலைகிறது. முதல் கேள்வி எப்போதும்போலக் கேள்வியன்று, பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியரின் சிற்றுரை. இரண்டாவது, 'அனைவரும் வருக' என்பதை நம்பி வந்த ஓய்வுபெற்ற மின்வாரிய அதிகாரியுடையது. அரங்கில் ஒரு நொடிகூடக் கண் அயராதவர் அவர் ஒருவரே. அவர் வீட்டு மொட்டை மாடி ஒரு மூலையில் ஒழுகுகிறது. பேச்சாளர் சிரித்து, கட்டடத்துக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். நன்றியுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம். வெளியே சமோசா.

டீக் கடைக்காரர் கொண்டுவந்த டிரம்மருகே பெரியவர் இன்னும் ஒழுகலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவி தம்ளரை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டு ஓட்டுக்கு அடியில செங்கல் ஜல்லி போட்டிருப்பாங்கல்ல சார், அதுல வாட்டம் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க. பைப் பக்கம் ஓடாம மூலையில தேங்கினா வாட்டம் போச்சு. ஓடினா, பைப் வாய்ல இலை அடைச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம்தான் ரசாயனம் பூசறவனைக் கூப்பிடணும்."

பெரியவர் அழைப்பிதழின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். "ஏம்மா, இவ்ளோ தெரிஞ்சிருக்கு, உள்ள உன்னைப் பார்க்கவே இல்லையே. எங்க உக்காந்திருந்த?"

"உங்களுக்கு நேர் பின்னாடிதான் சார்," என்று சொல்லிவிட்டு அவள் இரண்டாவது சமோசாவை எடுத்தாள்.