பெரிய குண்டு, சின்ன பட்ஜெட்

கேள்வி: முதல் கைத்துப்பாக்கி வாங்க ஆசை. பெரிய குண்டு போட வேண்டும். கையில் 3,000 வெள்ளிதான். எதை வாங்கலாம்? (செலாயாங் வாசகர்)

பதில்: 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் .44 மேக்னம் கைத்துப்பாக்கியை நீட்டினார். அதே ஆண்டு நம் மலேசியாவில் துப்பாக்கிக் குற்றத் தண்டனையைக் கூட்டும் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி. ரோத்தானுக்கு பட்ஜெட் வேண்டாம், அரசாங்கச் செலவு! லைசென்ஸ் தருபவர் மாநிலப் போலீஸ் தலைவர். உங்களுக்கு அவர் இருப்பது ஷா ஆலாமில். விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘ஆசை’ என்று எழுதிப் பாருங்களேன். சுட்டே ஆகவேண்டுமென்றால் கிளப்பில் சேர்ந்து .22-இல் தொடங்குங்கள். குண்டும் மலிவு, மணிக்கட்டும் பிழைக்கும். மிச்சக் காசில் நல்ல காதுமூடி வாங்குங்கள்.