பனிக்கும் பாஸ்போர்ட்

கெங்கவல்லிக்காரர் ஒருவர் மலேசியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால், இறங்கிய வாரமே கேமரன் மலைக்கு ஏற்றிவிடுவார்கள். மறுக்க முடியாது, மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டார்.

வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரர் 1885-இல் அளக்கப் போன மலை அது. 1929-இல் தொடங்கிய 'போ' என்ற தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர்களில் நம் சனமும் உண்டு. அவர்கள் பனியை வேடிக்கை பார்க்கவில்லை. அதற்குள் நின்று கூடை நிரப்பினார்கள். இன்று அதே மலையில் நம் மாமா, காதை மூடிய குல்லாவோடு, செல்ஃபிக்கு நிற்கிறார்.

"எப்படிங்க மாமா இருக்கு?"

எதிரே வெள்ளையாக, எதுவுமே தெரியவில்லை.

"அருமைங்க மாப்பிள்ளை, இதெல்லாம் நம்ம ஊர்ல எங்க?"

நம்ம ஊரில்தான். கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். நம் ஏற்காடு 1,500 மீட்டர். கெங்கவல்லியில் மொட்டைமாடி ஏறினாலே பச்சைமலை தெரியும். அந்தப் பக்கம் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகளோடு காத்துக் கிடக்கிறது. மாமா போனதில்லை. பஸ்ஸில் வாந்தி வருமாம். கோலாலம்பூரிலிருந்து மலையேறிய காரில் மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் மாப்பிள்ளை முன்னால் விழுங்கியிருப்பார்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். கொல்லிமலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரே நச்சரிப்பு.

"அங்க என்ன கண்ணு இருக்கு, வெறும் பனி" என்றார் தாத்தா.